பாகற்கொடிக்குக் காது முளைத்த வருடம்

நத்தக்காட்டுப்புதூரில் எந்தப் பந்தலிலும் எந்தக் காயும் நன்றாகக் காய்த்ததாக, ஊர் உண்டான நாள் முதல் யாரும் வாய்திறந்து சொன்னதில்லை. மேற்கே மலையும் கிழக்கே பைபாஸ் ரோடுமாக இருக்கிற அந்த ஊரில், கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல்களில் பாகலும் புடலும் பீர்க்கும் தொங்குகிற தொங்கலில் ஆள் குனிந்துதான் உள்ளே நடக்க வேண்டியிருக்கும், ஆனாலும் வழியில் போகிறவர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "வெள்ளாமை எப்படிங்க?" என்று கேட்டுவிட்டால், குனிந்தவர் குனிந்தபடியே, தலையில் இடிக்கிற புடலங்காயை ஒரு கையால் ஒதுக்கிவிட்டுக்கொண்டே, "என்னத்தங்க, சொல்லிக்கற மாதிரி ஒண்ணும் இல்லீங்க" என்பார். கேட்டவரும் வருத்தப்பட மாட்டார். அவர் தோட்டத்துக்குப் போய்க் கேட்டால் அவரும் அதையேதான் சொல்வார். கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்பது மற்ற ஊர்களில் பழமொழி. இங்கே அது பண்ணையத்தின் முதல் பாடம். பிள்ளைகளுக்கு மம்முட்டி பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் முன்பே மூஞ்சியைத் தொங்கப் போடக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்களே, அந்த ஊர்க் காக்கை தன் குஞ்சைப் பித்தளை என்றுதான் சொல்லும், அதுவும் கேட்டால்தான் சொல்லும்.

இந்த வித்தையில் கரை கண்டவர் சென்னியப்பன். மழை பெய்தால் வேர் அழுகிப்போச்சு என்பார், வெயில் அடித்தால் பூ கருகிப்போச்சு என்பார், இரண்டும் அளவாக அமைந்துவிட்டால், "இப்பிடி இருந்தா பூச்சிக்குத்தானுங்க கொண்டாட்டம்" என்பார். காய் இருந்தால் விலை இல்லை, விலை இருந்தால் காய் இல்லை, இரண்டும் இருந்தால் அவருக்கு முதுகுவலி. ஆனால் விடிந்ததும் விடியாததுமாகப் பந்தலுக்குள் தனியாகப் போய், தூளியில் கிடக்கிற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு பிஞ்சாகத் தொட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வருகிறவரும் அவர்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்த ஒரே ஆள் அவர் மனைவி தெய்வாத்தாள். அவளும் வெளியே சொன்னதில்லை.

எதன் மேல் ஆசை அதிகமோ அதைப் பற்றிக் குறையும் அதிகமாகச் சொல்ல வேண்டும் என்பது சென்னியப்பனின் கட்சி. படி படியாகப் பால் கறக்கிற பசுவை எலும்புக்கூடு என்பார். புதிதாக வேய்ந்த ஓட்டுக் கூரையை ஒழுகல் என்பார். ஒரே மகள் தாரணியைப் பற்றி யாராவது விசாரித்தால், "அது எங்கீங்க, ஒண்ணுத்துக்கும் ஆகாதுங்க" என்று சொல்லிவிட்டு, கேட்டவர் கண் தன் வீட்டுப் பக்கம் திரும்பாமல் போகிறதா என்று கடைசிவரை பார்த்துக்கொண்டு நிற்பார்.

தாரணி தோட்டக்கலை படித்தவள். ஓசூர்ப் பக்கம் ஒரு நாற்றுப் பண்ணையில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, பொங்கலுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. கிணற்றுக்குத் தெற்கே இருந்த ஒரு ஏக்கராவைக் கேட்டாள்.

"ஒரே ஒரு வெள்ளாமை பாக்கறனுங்கப்பா. வந்துதுன்னா இங்கயே பண்ணையம். வல்லீன்னா நீங்க சொல்ற திருப்பூர்க் கம்பெனி வேலைக்கே போயர்றேன். அப்பறம் இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்."

"என்னமோ பண்ணு" என்றார் சென்னியப்பன். சொல்லிவிட்டு வந்து கட்டிலில் படுத்தவருக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. சுற்றுவட்டாரத்தில் எவன் பிள்ளை படித்துவிட்டுக் காட்டுக்குத் திரும்பியிருக்கிறது? இருக்கிற பிள்ளைகளே பேன்ட்டில் மண் ஒட்டாமல் ஓட வழி பார்க்கிற காலத்தில், இவள் தேடி வந்து மண்ணைக் கேட்கிறாள். நினைக்க நினைக்க அவருக்கு உடம்பெல்லாம் பூரித்தது, பூரித்த சூட்டிலேயே பயமும் வந்தது. மறுநாள் பால் சொசைட்டியில் ஆரம்பித்தார். "படிச்ச புள்ளைக்குப் பண்ணையம் வருங்களா? மம்முட்டியில எது தலை எது காம்புன்னு தெரியாது." கோயிலில் சொன்னார், பஸ்ஸில் சொன்னார், சொட்டுநீர்க் குழாய் பதிக்க வந்தவர்களிடம் சொன்னார், பிளாஸ்டிக் ஷீட் விரித்த மேட்டுப்பாத்தியில் தாரணி பாகல் நாற்றை நட்டுக்கொண்டிருக்கும்போது வரப்பில் நின்று, வேடிக்கை பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். தாரணி நான்கடி தள்ளிக் குனிந்திருந்தாள். நிமிரவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் திட்டம் வந்தது. வளரும் நாடுகளில் காய்கறிச் சாகுபடியை உயர்த்தி உழவர் வருமானத்தைப் பெருக்குவது என்று கடலுக்கு அப்பால் எங்கோ தீட்டிய திட்டம் அது. நாடு நாடாகச் சலித்து, மாவட்டம் மாவட்டமாகப் புடைத்து, இருப்பதிலேயே நலிந்த ஊர் எது என்று தேடியபோது, மூன்று தலைமுறையாக எந்த அதிகாரி வந்து கேட்டாலும் ஒண்ணும் இல்லீங்க, ஒண்ணும் இல்லீங்க என்று சொல்லி வைத்திருந்த நத்தக்காட்டுப்புதூர்தான் பட்டியலில் முதலாவதாக நின்றது. ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் திட்டக்காரர்கள் இரண்டு காரில் வந்து இறங்கினார்கள். கூடவே புதிதாக மாற்றலாகி வந்திருந்த தோட்டக்கலை அலுவலர் ஜெசிந்தாவும் வந்தாள். நாகர்கோவில்காரி, வெயிலுக்குத் தொப்பியும் வாய்க்குப் புளிப்பு மிட்டாயும் இல்லாமல் வெளியே வராதவள். ஒவ்வொருவரையும் அவரவர் பந்தலுக்குக் கீழேயே நிறுத்தி விளைச்சல் எப்படி என்று கேட்பதாக ஏற்பாடு.

முதலில் நாச்சிமுத்துவின் புடலம்பந்தல். சென்னியப்பனுக்குப் பக்கத்துத் தோட்டக்காரர், முறையில் மாப்பிள்ளை. காய் நேராக வளர நுனியில் கல் கட்டித் தொங்கவிட்ட புடலங்காய்கள் தோளில் உரச, நடுவே நின்று நாச்சிமுத்து சொன்னார்: "இந்த வருசம் வெறுங்கொடிதானுங்க."

சொன்ன வாய் மூடும் முன்னால் தொப்புத் தொப்பென்று கற்கள் தரையில் விழுந்தன. காய்கள் நூலாகச் சுருங்கிக் கொடிக்குள் போய்விட்டன. வெறுங்கொடி நின்றது. நாச்சிமுத்து அண்ணாந்து பார்த்தார். "பாருங்க, நாந்தான் சொன்னனே" என்றார். பிறந்ததிலிருந்து சொல்லிவந்தது முதல்தடவையாக மெய்யானதில் அவர் முகத்தில் ஒரு நிறைவுகூடத் தெரிந்தது. அது வடிந்து விஷயம் உறைக்க அவருக்குச் சற்று நேரம் ஆனது.

அடுத்தது சென்னியப்பன். "பீர்க்கு பூராவும் சீக்குங்க" என்றார், இலையெல்லாம் மஞ்சள் பூத்தது. அதற்கடுத்தவர் தண்ணி இல்லை என்றார், சுரைக்கொடி துவண்டு தொங்கியது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் அந்த ஊர், தலைமுறை தலைமுறையாகத் தான் எப்படி இருப்பதாகச் சொல்லிவந்ததோ அப்படியே ஆகிவிட்டது. திட்டக்காரர்களுக்கு மட்டும் ஏக திருப்தி. கேட்ட கணக்கும் பார்த்த காட்சியும் இவ்வளவு பொருந்திப்போனதை அவர்கள் எந்த நாட்டிலும் கண்டதில்லையாம்.

ஒரே ஒரு பந்தல் தப்பித்திருந்தது. அந்தப் பந்தல்காரி மயிலாத்தாளுக்குப் பல்வலி, தாடையைத் துணியால் தூக்கிக் கட்டியிருந்ததால் கேட்ட கேள்விக்குக் கையை மட்டும் விரித்துக் காட்டியிருந்தாள். அவள் தலைக்கு மேலே சுரைக்காய்கள் குத்துக்கல்லாட்டம் அசையாமல் தொங்கின. ஜெசிந்தா அந்தக் காய்களைப் பார்த்தாள், கட்டிய தாடையைப் பார்த்தாள், வாயில் இருந்த மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினாள்.

"ஒங்க செடிக்குக் காது கேக்குது அண்ணாச்சி. நிலம் யாருதோ அவங்க சொல்லுததை அது நம்புது ஆக்கும்" என்றாள் கூடி நின்ற ஊர்க்காரர்களிடம், இலையில் துத்தநாகச் சத்துக் குறைவு என்று சொல்கிற அதே குரலில்.

ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சுவருக்கே காது உண்டு என்று ஒத்துக்கொண்டவர்களுக்குச் சுரைக்கொடிக்குக் காது இருப்பதில் என்ன சிரமம்? ஏன் வந்தது என்று யாரும் கேட்கவுமில்லை. அவர்களுடைய கவலை வேறு. ஒரு பக்கம் செடியின் காது, ஒரு பக்கம் ஊரின் கண். குறை சொன்னால் காதுக்கு ஆகாது, நிறை சொன்னால் கண்ணுக்கு ஆகாது. மாரியம்மன் கோயில் முன்னால் கூடி உட்கார்ந்து பேசினார்கள். பேசாமலே இருந்துவிட்டால் என்ன என்றார் ஒருவர். இருந்து பார்த்தார்கள், வாடியது வாடியபடியே நின்றது. வேறு வழியில்லை, செடியைப் புகழ்ந்துதான் ஆக வேண்டும் என்று முடிவானது.

முடிவாகிவிட்டது, புகழ்வதற்கு ஆள்தான் இல்லை. ஊரில் யாருக்கும் அதில் பழக்கம் கிடையாது. பந்தலுக்குள் போய் நின்றதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. நாச்சிமுத்து ரொம்ப நேரம் தொண்டையைச் செருமி, நாலா பக்கமும் பார்த்து, தன் வாழ்நாளிலேயே பெரிய புகழ்ச்சியாக, "பரவால்லீங்க" என்றார். செடியைக்கூட அங்கே நீங்க நாங்க என்றுதான் பேசுவார்கள், மரியாதை தெரிந்த ஊர். கொடி ஒரு விரல்கடை நீண்டது. அதற்கு மேல் நீளவில்லை. அந்தப் புகழ்ச்சியின் தகுதிக்கு இது போதும் என்று விட்டுவிட்டதுபோல் இருந்தது.

சரி, தெரியாத வேலைக்குத் தெரிந்தவனைக் கூப்பிடு என்று, தேர்தல் நேரத்தில் மட்டும் வேலையிருக்கிற மேடைப் பேச்சாளர் கொற்றவேலைக் கூட்டிவந்தார்கள். அவர் மைக்கில் சொல்லச் சொல்ல, நிலம் உடையவர்கள் அவரவர் பந்தலில் நின்று திருப்பிச் சொல்ல வேண்டும். "புடலையே! பூமித்தாயின் புன்னகையே! வானம் பார்த்து வளர்ந்தாலும் மண்ணை மறவாத மாண்பே!" என்று கொற்றவேல் முழங்க, ஊர் மொத்தமும் ஒரு வார்த்தை பின்தங்கி முழங்கியது. மாலைக்குள் புடலங்காய்கள் தரையைத் தொட்டு, தொட்டதோடு நில்லாமல் வாய்க்கால் வரை போயின. அறுத்துப் பார்த்தால் உள்ளே காற்று. விதைகூட இல்லை. பாகற்காயோ கசப்பை மறந்து இனிக்க ஆரம்பித்துவிட்டது. இனிக்கிற பாகற்காயை எவன் வாங்குவான்? கொற்றவேலுக்குப் பொன்னாடை போர்த்தி அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

"உரம் மாதிரிதான் இதுவும். கூடினா கெடும்" என்றாள் ஜெசிந்தா. "கண்ணால கண்டதை மட்டும் சொல்லுங்க. காலையில ஒருக்கா, பொழுதுசாய ஒருக்கா."

மெல்ல மெல்லப் பழகினார்கள். முதலில் இலையைச் சொன்னார்கள், இலை பச்சைதானே, அதில் பொய்யில்லை. பிறகு பூவை. பிறகு பிஞ்சை. வீட்டுக்குள் ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனவர்களும் உண்டு. நாச்சிமுத்து மட்டும் பழக்கதோஷத்தில், "பக்கத்துத் தோட்டத்தைவிட நீங்க எவ்வளவோ தேவலாமுங்க" என்று சொல்லப்போக, அவருடைய கொடிகளெல்லாம் வேலியைத் தாண்டித் தலையை நீட்டிச் சென்னியப்பன் தோட்டத்தை எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டன. திருப்பிக் கட்டக் கட்டத் திரும்பவும் போய்ப் பார்த்தன. பக்கத்துத் தோட்டத்தை இழுத்துப் பேசக் கூடாது என்று ஊரில் கட்டுப்பாடு வந்தது.

வியாபாரிகள் பாடுதான் பெரும்பாடு. பறித்த காய் எவர் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதைக் கேட்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. வழக்கம்போல ஒரு பீர்க்கங்காயை எடுத்து, நகத்தால் கீறி, "சரக்கு முத்தலா இருக்கே" என்று ஆரம்பித்தால், அது அங்கேயே முற்றி நாராகி, முதுகு தேய்க்கத்தான் ஆகும் என்கிற நிலைக்கு வந்துவிடும். குறை சொல்லாமல் விலை பேச எந்த வியாபாரிக்குத் தெரியும்? கடைசியில் மாட்டுச்சந்தைத் தரகர் ஒருவர் வழி சொன்னார். துண்டைப் போர்த்தி, துண்டுக்குள் கையைக் கொடுத்து, விரலைப் பிடித்து விலை பேசுகிற பழைய முறை. மாடு விற்கிற மாதிரிப் பாகற்காய் விற்றார்கள். துண்டுக்குள் நடக்கிற சண்டையில் சிலசமயம் விரல் சுளுக்கிக்கொள்ளும், ஆனால் வாயால் அடிமாட்டு விலைக்குக் கொண்டுவந்த காலம் போய், விரலால் பேசியதில் விலை உயர்ந்தது. திட்டக்காரர்கள் திரும்பி வந்து பார்த்து, உழவர் வருமானம் உயர்ந்ததற்குத் தங்கள் திட்டம்தான் காரணம் என்று சந்தோஷப்பட்டார்கள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஊர் விட்டுவிட்டது.

ஆனாலும் குறை சொல்லாமல் எத்தனை நாள் இருப்பது? வயிறு உப்பிக்கொண்டது. பைபாஸுக்கு அந்தப் பக்கம், லாரி இரைச்சலில் எந்தச் செடிக்கும் எதுவும் கேட்காத இடத்தில் ஒரு பேக்கரி இருந்தது. பொழுதுசாயத் தோட்டத்துக்கு நல்லதைச் சொல்லிவிட்டு, நேராக அங்கே போய் டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக்கொண்டு, எல்லாம் போச்சு, நாசமாப் போச்சு, இனிப் பண்ணையம் மனுசன் பாக்கற வேலையில்லை என்று ஆசைதீரச் சொல்லித் தீர்த்துவிட்டு, முகம் தெளிந்து வீடு திரும்பினார்கள். பேக்கரிக்காரர் இன்னொரு கடை எடுத்தார். அவரும் வியாபாரம் டல் என்றுதான் சொன்னார்.

புரட்டாசி பிறந்தபோது ஊரில் எல்லாப் பந்தலும் தேறியிருந்தது. தாரணியின் பந்தல் மட்டும் தேறவில்லை.

கொடி ஏறியிருந்தது. இலை விட்டிருந்தது. பூத்தும் இருந்தது. ஆனால் பிஞ்சுக்கான பூ ஒவ்வொன்றும் மஞ்சளித்து மூன்றாம் நாள் உதிர்ந்தது. தாரணி மண்ணைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், இலையைத் திருப்பிப் பார்த்தாள்; தேனீ வராததுதான் குறையோ என்று விடிவதற்குமுன் எழுந்து ஒவ்வொரு பூவுக்கும் தன் கையாலேயே மகரந்தம் சேர்த்தாள். அவளும் நல்லதாகத்தான் சொன்னாள். ஆனால் நிலம் அவளுடையதல்ல. ஜெசிந்தா இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, செய்முறையில் ஒரு குறையும் இல்லை என்றாள். மாதக் கடைசிக்குள் காய் பிடிக்காவிட்டால் கொடியை அறுத்துவிட்டு நிலத்தையாவது காப்பாற்றிக்கொள் என்றாள். திருப்பூரிலிருந்து கம்பெனிக்காரர்களும் ஒன்றாம் தேதி வந்து சேரச் சொல்லி இரண்டு தரம் போன் செய்துவிட்டார்கள்.

சென்னியப்பன் சும்மா இருக்கவில்லை. ஊரே பேக்கரிக்குப் போகிற நேரத்தில் அவர் தெற்குப் பந்தலில் நின்றார். "நல்ல கொடிங்க. பச்சுனு இருக்கறீங்க. பூவு எம்புட்டு அழகுங்க" என்று, மற்ற பந்தலுக்குச் சொல்லிப் பழகியதை எல்லாம் சொல்லிப் பார்த்தார். பீர்க்குக்குப் பலித்தது பாகலுக்குப் பலிக்கவில்லை. கொடி அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தெய்வாத்தாள் தினமும் உப்பும் மிளகாயும் சுற்றிப்போட்டாள். அதுவும் கேட்கவில்லை.

ஒருநாள் காலையில் வெயில் ஏறுகிற நேரம், சென்னியப்பன் பசுவுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தபோது, தாரணி அரிவாளோடு தெற்குப் பந்தலுக்குப் போவதைப் பார்த்தார். தட்டை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் போனார். அவர் போய்ச் சேருவதற்குள் அவள் முதல் வரிசையில் மூன்று கொடியை அடியோடு அறுத்திருந்தாள்.

"கண்ணு, இரு. இன்னும் நாளிருக்குது."

"நாளிருந்து என்ன பண்றதுங்கப்பா? பூவெடுக்க உக்காந்தா அழுகதான் வருது." அவள் நான்காவது கொடியைப் பிடித்தாள். "இன்னைக்கே அறுத்துப்போட்டுப் போயர்றேன். நீங்க ஏதாவது போட்டுக்கங்க."

"நானுந்தான் டெய்லி வந்து சொல்லிட்டு இருக்கறேன். நல்ல கொடி, நல்ல கொடின்னு வாய் வலிக்கச் சொல்றேன். அது கேக்க மாட்டீங்குது, நா என்ன பண்ணட்டும்?"

தாரணி அரிவாளைத் தரையில் வைத்தாள். அவரைப் பார்த்தாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூடச் சென்னியப்பன் தாங்கியிருப்பார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"கொடியை நீங்க எப்பங்கப்பா குறை சொன்னீங்க? இந்தக் காட்டுல நின்னு ஒரு நாளாவது கொடியைச் சொல்லியிருக்கறீங்களா? என்னையத்தான சொன்னீங்க. வெச்சவளுக்கு ஒண்ணும் தெரியாது, வெளங்க மாட்டா, ஆக மாட்டான்னு. அதைக் கேட்டுக் கேட்டு வளந்த கொடி, வெளங்காதவ வெச்ச கொடியாட்டந்தான இருக்கும்?"

"அது... கண்ணு பட்டரக் கூடாதுன்னு சொன்னது, தங்கம். உள்ளார இருந்தா வந்துது? உனக்குத் தெரியாதா?"

"செடிக்கு இந்த வருசந்தான் காது மொளைச்சுதுங்கப்பா" என்றாள் தாரணி. "எனக்குப் பொறந்ததுல இருந்தே இருக்குது."

சென்னியப்பன் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்து நின்றவளிடம், பக்கத்து வீட்டுக்காரர்கள் நிற்கிறார்களே என்று, "ஏதோ தப்பிச்சுட்ட போ" என்று சொன்னது ஞாபகம் வந்தது. அன்று அவள் முகம் எப்படி இருந்தது என்று அவர் பார்க்கவில்லை. பார்க்கிறவர்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர்க் கண்ணுக்குப் பயந்து பயந்து, பெற்ற பிள்ளையின் மூஞ்சியைப் பார்க்காமல் இருந்துவிட்டோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

எழுந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார், கோயிலில் நிற்கிற மாதிரி. அப்போது பார்த்தா நாச்சிமுத்துவின் மோட்டார் வண்டி வேலியோரம் வந்து நிற்க வேண்டும்? என்ன அரவம் என்று நாச்சிமுத்து இரண்டு கண்ணையும் அகல விரித்துக்கொண்டு வேலிக்கு மேலே பார்த்தார். அந்த வட்டாரத்திலேயே அவருடைய கண்ணுக்குத்தான் பெயர் அதிகம். அவர் பார்த்து நன்றாயிருக்கிறது என்று சொன்ன காளை அன்றைக்கே நொண்டியதாகச் சொல்வார்கள். சென்னியப்பனுக்கு, வாயை மூடிக்கொண்டு திரும்பிவிடலாமா என்றுகூட ஒருகணம் தோன்றியது. மகளைப் பார்த்தார். அவள் எதிர்பார்க்கவில்லை என்கிற மாதிரி, கீழே கிடந்த அரிவாளைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் அவருக்கு நாச்சிமுத்துவும் தெரியவில்லை, அவர் கண்ணும் தெரியவில்லை.

"ஏனுங்க, கேளுங்க" என்று கொடிகளைப் பார்த்துச் சத்தமாக ஆரம்பித்தார். "உங்கள வெச்சது என்ற புள்ளைங்க. இவளாட்டம் பண்ணையம் பண்ண இந்த ஊர்ல ஆளில்லீங்க, நானும் இல்லீங்க. விடியறதுக்கு முன்னாடி வந்து ஒவ்வொரு பூவா எடுத்து இன்னொரு பூவுல ஒத்தி வெப்பா, கிணத்துமேட்டுல நின்னு நா பாத்துருக்கறேன், பிஞ்சுக் கொழந்தைக்கு மையி வெக்கற மாதிரி வெப்பாளுங்க. நா நாலு மணி நேரம் தண்ணி கட்டுற காட்டை இவ அரை மணி நேரத்துல நனைச்சுப்போடறா, ஒரு சொட்டு வீணாகாது. உரம் வெக்கறதுக்கு முன்னால மண்ணை மோந்து பாப்பா, அது எங்கப்பன் பழக்கம், நாங்கூட வுட்டுட்டேன், யாரும் சொல்லித்தராம இவளுக்கு வந்துருக்குது. ஊர்ப் பசங்க பூராவும் காட்டை வித்துப்போட்டு ஓடறப்ப, இவ திரும்பி வந்தாளுங்க. எங்க ஊட்டுக்கு வந்தாளுங்க. வந்த அன்னைல இருந்து எனக்கு ராத்திரித் தூக்கமில்லீங்க, சந்தோசத்துல. மம்முட்டி புடிக்கத் தெரியாதுன்னு சொன்னனே, பொய்யிங்க. ஆக மாட்டான்னு சொன்னனே, அது பச்சைப் பொய்யிங்க. இவ எனக்குப் பொறந்தது நா பண்ணுன புண்ணியமுங்க."

மூச்சு வாங்கியது. வேலிக்கு அந்தப் பக்கம் நாச்சிமுத்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பிறகு வண்டியைக் கிளப்பாமலே தள்ளிக்கொண்டு போனார்.

பந்தலில் சலசலப்பு ஏதும் இல்லை. முதல் வரிசையில் ஒரு கொடியின் நுனி, தூங்கி விழிக்கிற பிள்ளை கையை நீட்டுகிற மாதிரி மெல்ல நிமிர்ந்து, சுருள்விட்டுக் கம்பியைப் பற்றிக்கொண்டது. அதற்கடுத்தது பற்றிக்கொண்டது. மஞ்சளித்துத் தொங்கிய ஒரு பூவின் காம்பில் பச்சை ஏறியது, பூவுக்குப் பின்னால் இருந்த பிஞ்சு முள்ளு முள்ளாய்த் தடித்தது. அடியோடு அறுபட்ட மூன்று கொடிகள் மட்டும் கிடந்தபடி கிடந்தன. அவற்றுக்கு இனிக் கேட்காது.

தாரணி அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்:

"அந்தக் கடைசி வரிசைக்குக் கேட்டிருக்காதுங்கப்பா. இன்னொருக்கா போய்ச் சொல்லுங்க."

சென்னியப்பன் பந்தலின் அந்தக் கோடியைப் பார்த்தார். கடைசி வரிசைக் கொடிகள் எல்லாம் எப்போதோ நிமிர்ந்து கம்பியைச் சுற்றி முடித்து, பிஞ்சுகூட இறக்கியிருந்தன. நன்றாகவே பார்த்தார். பார்த்துவிட்டு, கக்கத்துத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அங்கே நடந்து போய், முதலிலிருந்து ஆரம்பித்தார்.